வேட்டை வில்லைகளும் மீன்பிடி வில்லைகளும்: சேகரிக்க விரும்புவோருக்கான முழுமையான வழிகாட்டி

ரசீதில் ஒட்டி, அதன் மேலேயே கையெழுத்திடும் ரெவின்யூ ஸ்டாம்பை நாம் எல்லோரும் அறிவோம். அரசு ஆவணங்கள் அதை வருவாய் வில்லை என்று குறிப்பிடுகின்றன. அது கடிதத்தைக் கொண்டு சேர்ப்பதற்கானது அன்று. கட்டணம் செலுத்தப்பட்டது என்பதற்கான சாட்சி. அமெரிக்காவில் வேட்டையாடுவோரும் மீன்பிடிப்போரும் தங்கள் உரிமத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்த வில்லைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். அவற்றில் வாத்தும் காடையும் டிரவுட் மீனும் அழகாக அச்சாகியிருப்பதால் பலர் அவற்றைத் தபால்தலை என்றே எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தோடு தொடங்குபவர் முதல் நாளிலேயே ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்: பயன்படுத்தாத, கையெழுத்தில்லாத, பசை கெடாத வில்லையே உயர்ந்தது, மற்றவை கழிவு என்பதே அது. இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான நம்பிக்கையிலிருந்து எழுதப்படுகிறது. வேட்டைக்காரர் மையால் கையெழுத்திட்டு, உரிமத்தில் ஒட்டி, ஒரு பருவம் முழுவதும் சட்டைப்பையில் சுமந்த வில்லைதான் இத்துறையின் உயிர்.

முதல் படி: வரலாற்றின் அடிப்படையை அறிந்துகொள்ளுதல்

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளைக் கடும் வறட்சி தாக்கியது. அதற்கு முன்பே விவசாயத்துக்காகச் சதுப்பு நிலங்கள் பெருமளவில் வடிக்கப்பட்டிருந்தன. முட்டையிட நீர்நிலை இல்லாமல் காட்டு வாத்துகள் வேகமாகக் குறைந்தன. அவற்றைக் காக்க நிலம் வாங்க வேண்டும். நிலம் வாங்கப் பணம் வேண்டும். வாத்து வேட்டையாடுபவர்களே அந்தப் பணத்தைக் கொடுக்கட்டும் என்ற எண்ணம் சட்டமாகி, 1934 மார்ச் 16 அன்று குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கையெழுத்தைப் பெற்றது. பதினாறு வயதைத் தாண்டிய ஒவ்வொரு நீர்ப்பறவை வேட்டைக்காரரும் ஆண்டுதோறும் ஒரு டாலர் கொடுத்து ஒரு வில்லை வாங்க வேண்டும் என்பது விதி.

முதல் வில்லையை வரைந்தவர் ஜே நார்வுட் டார்லிங். ‘டிங்’ டார்லிங் என்ற பெயரில் அயோவா மாநிலத்தின் டெ மோய்ன் நகர நாளிதழில் கேலிச்சித்திரம் வரைந்து, 1924இலும் பின்னர் 1943இலும் புலிட்சர் பரிசு பெற்றவர். ரூஸ்வெல்ட்டின் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருந்தபோதும், 1934இல் வனவிலங்குகளைக் கவனித்துவந்த உயிரியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீரில் இறங்கும் ஒரு மல்லார்ட் வாத்து இணையை அவர் வரைந்தார். அந்த ஆண்டு விற்ற வில்லைகள் 6,35,001. பறவைக்காகத் தூரிகை எடுத்த அந்த மனிதரின் பெயரை அறியாமல் யாரும் இந்தச் சேகரிப்பில் நுழையக் கூடாது என்பது என் கருத்து. ஃபுளோரிடாவின் சானிபெல் தீவிலுள்ள வனவிலங்குப் புகலிடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த வில்லைகளின் வருவாயில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் வாழிட நிலத்தை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் செல்கிறது. இதுவரை அறுபது லட்சம் ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டிருக்கிறது. கையில் இருக்கும் ஒரு சிறு தாளுக்குப் பின்னால் எங்கோ ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் படிகளில் சொல்லப்படும் கண்டிப்புகள் மிகையாகத் தோன்றா.

இரண்டாம் படி: களத்தைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாவற்றையும் சேகரிப்பது இயலாது. நடுவணரசின் வாத்து வில்லைகள், மாநிலங்களின் வில்லைகள், மாவட்ட அளவிலும் ஒரே ஒரு ஏரிக்கும் வெளியானவை, பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலங்களில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் அவர்களின் நிர்வாகமே வெளியிட்டவை, கனடா போன்ற பிற நாடுகளின் வில்லைகள் என்று ஐந்து பெரும் பிரிவுகள் உண்டு. புதியவர் நடுவணரசு வரிசையில் தொடங்குவதே நல்லது. ஆண்டுக்கு ஒன்று என்ற ஒழுங்கு, தெளிவான அட்டவணை எண், ஏராளமான தகவல் ஆகிய மூன்றும் அங்கே கிடைக்கின்றன. சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் ஸ்காட் என்ற அமெரிக்கத் தபால்தலை அட்டவணையில் இவை ‘ஆர்.டபிள்யூ.’ என்ற எழுத்துகளோடு எண்ணிடப்பட்டிருக்கின்றன. 1934ஆம் ஆண்டு வில்லை ஆர்.டபிள்யூ. 1, அடுத்த ஆண்டுடையது ஆர்.டபிள்யூ. 2 என்று தொடர்கிறது.

தொடக்கத்திலேயே பலர் தடுமாறும் ஓர் இடம் ஆண்டுக் கணக்கு. வில்லை செல்லுபடியாகும் காலம் ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூன் 30இல் முடிவதால், பழைய வில்லைகளில் ‘1935 ஜூன் 30க்குப் பின் செல்லாது’ என்பது போன்ற வாசகமே இருக்கும். அதைப் பார்த்து 1935ஆம் ஆண்டு வில்லை என்று ஆல்பத்தில் எழுதிவிடுவார்கள். உண்மையில் அது 1934ஆம் ஆண்டுடையது. வாசகத்திலுள்ள ஆண்டிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: நடுவணரசு வரிசையைக் கண்ணால் படித்தல்

பணம் செலவிடும் முன் இந்த வரிசையின் திருப்பங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு டாலர் என்ற விலை 1948 வரை நீடித்தது. 1949இல் இரண்டு டாலர், 1959இல் மூன்று, 1972இல் ஐந்து, 1979இல் ஏழரை, 1987இல் பத்து, 1989இல் பன்னிரண்டரை, 1991இல் பதினைந்து என்று உயர்ந்து, 2015 முதல் இருபத்தைந்து டாலராக இருக்கிறது. வில்லையில் அச்சான துறையின் பெயரும் மாறியது: 1938 வரை வேளாண் துறை, 1939 முதல் உள்துறை. 1977இல் ‘வேட்டை வில்லை’ என்ற தலைப்போடு ‘பாதுகாப்பு’ என்ற சொல்லும் சேர்ந்தது; வேட்டையாடாதவர்களும் இதை வாங்கி நிலம் காக்க உதவலாம் என்ற அழைப்பு அந்தச் சொல்லில் இருந்தது.

முதல் ஆண்டு வில்லையை விட இரண்டாம் ஆண்டு வில்லை குறைவாக விற்றது. ஃபிராங்க் பென்சன் வரைந்த கேன்வாஸ்பேக் வாத்துகள் கொண்ட 1935ஆம் ஆண்டு வில்லை 4,48,204 மட்டுமே விற்றது. வரிசை முழுவதிலும் மிகக் குறைந்த எண்ணிக்கை இதுதான். ஆகவே வரிசையை முடிக்க எண்ணுபவர் இந்த ஒன்றுக்காகத் தனியாகச் சேமிக்கத் தொடங்க வேண்டும். ரோலண்ட் கிளார்க் வரைந்த 1938ஆம் ஆண்டு வில்லையில் இருப்பது ஊசிவால் வாத்து. குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கு வந்து போகும் அதே இனம் என்பதால், தமிழ்நாட்டிலிருந்து சேகரிக்கும் எவருக்கும் இது தனி நெருக்கம் தரும் வில்லை.

1959ஆம் ஆண்டு வில்லையில் வாத்தை விட நாய்தான் பெரிதாகத் தெரியும். கிங் பக் என்ற லாப்ரடோர் நாய் மல்லார்ட் ஒன்றைக் கவ்வி நிற்கும் அந்தப் படத்தை வரைந்தவர் மேனார்ட் ரீஸ். சுடப்பட்டு விழுந்த பறவையை நாய் தேடி எடுத்துவருவதால் வீணாகும் பறவைகள் குறையும் என்பதே அதன் செய்தி. அயோவாக்காரரான ரீஸ் 1948, 1951, 1959, 1969, 1971 என்று ஐந்து ஆண்டுகளின் வில்லைகளை வரைந்தவர்.

தொடக்க ஆண்டுகளில் அரசு ஓவியர்களை அழைத்து வரையச் சொன்னது. 1949இல் யாரும் பங்கேற்கலாம் என்ற திறந்த போட்டி வந்தது. அதில் முதலில் வென்ற வால்டர் வெபரின் அன்னப்பறவைகள் 1950ஆம் ஆண்டு வில்லையில் இடம்பெற்றன. 1991ஆம் ஆண்டு வில்லையை வரைந்த நான்சி ஹவ் இப்போட்டியில் வென்ற முதல் பெண். மினசோட்டாவின் ஹாட்மன் சகோதரர்கள் ஜோசப், ஜேம்ஸ், ராபர்ட் மூவரும் மாறி மாறிப் பலமுறை வென்றிருக்கிறார்கள். ஓவியரை மையமாக வைத்துச் சேகரிப்பதும் ஒரு நல்ல வழி: ஒரே கையின் ஓவியம் இருபது ஆண்டு இடைவெளியில் எப்படி மாறியது என்பதை நான்கு சென்டிமீட்டர் தாளில் பார்க்கலாம்.

நான்காம் படி: கருவிகளும் பாதுகாப்பும்

இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஓரத் துளைகளை அளக்கும் அளவி, புற ஊதா விளக்கு, ஒளி புகும் பிளாஸ்டிக் உறைகள் ஆகியவை போதும். கீல் எனப்படும் பசை தடவிய சிறு காகிதத் துண்டால் ஒட்டி ஆல்பத்தில் வைப்பது பசையைக் கெடுக்கும், உறையையே பயன்படுத்துங்கள். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு மிகப் பெரிய பகை ஈரப்பதம். மழைக்காலத்தில் பசையுள்ள வில்லை உறையோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க வழியில்லை. ஆல்பத்தைக் கிடையாக அடுக்காமல் நூலைப் போல நிற்க வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைத்து, அந்தப் பொட்டலங்களை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

1998 முதல் தானே ஒட்டும் வகை வில்லைகளும் வெளிவருகின்றன. அவற்றை அடித்தாளிலிருந்து ஒருபோதும் உரிக்காதீர்கள். நீரில் ஊறவைப்பதிலும் கவனம் வேண்டும். 1946 முதல் வில்லையின் பின்புறத்தில், கையெழுத்திடாமல் வேட்டையாடுவது சட்ட விரோதம் என்ற வாசகம் அச்சாகத் தொடங்கியது. பின்னர் வந்த சில ஆண்டுகளில் அந்த வாசகம் பசையின் மேலேயே அச்சிடப்பட்டது. ஊறவைத்தால் பசையோடு வாசகமும் போய்விடும். முன்புறத்திலுள்ள கையெழுத்து மையும் நீரில் கரையக்கூடும்.

ஐந்தாம் படி: வாங்கும் முன் சோதித்தல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் பணம் தொலைவது இங்கேதான்.

முதலில் விளிம்பு. 1934 முதல் 1958 வரை வில்லைகள் 112 கொண்ட பெருந்தாளாக அச்சாகி, 28 கொண்ட நான்கு தாள்களாக வெட்டப்பட்டன. வெட்டிய பக்கத்தில் இருந்த வில்லைகளுக்கு அந்த ஓரத்தில் துளைப்பல் இருக்காது, நேராக இருக்கும். இது குறையன்று, பிறப்பு அடையாளம். ஆனால் நான்கு பக்கமும் பல் உள்ள வில்லைக்குச் சந்தையில் அதிக மதிப்பு இருப்பதால், நேர் விளிம்பில் செயற்கையாகத் துளையிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். எதிரெதிர் பக்கங்களின் பற்களை லென்ஸில் ஒப்பிடுங்கள். துளைகளின் ஆழமும் இடைவெளியும் ஒத்துவராவிட்டால், அல்லது ஒரு பக்கத்தின் பல் நுனிகள் மட்டும் கத்தியால் வெட்டியது போல மழுங்கியிருந்தால், சந்தேகப்படுங்கள். வில்லையின் அகலத்தை அதே ஆண்டின் இன்னொரு வில்லையோடு ஒப்பிடுவதும் உதவும், ஏனெனில் புதிதாகத் துளையிட்டது சற்றே குறுகியிருக்கும்.

அடுத்தது கையெழுத்தை அழித்தல். வேதிப்பொருளால் மையை நீக்கி, புதுப் பசை பூசி, பயன்படுத்தாத வில்லையாக விற்கும் மோசடி பழையது. புற ஊதா விளக்கின் கீழ் அழிந்த மையின் தடம் பெரும்பாலும் நிழலாகத் தெரியும். தாளின் ஒளிர்வும் அந்த இடத்தில் மாறும். பேனா அழுத்திய பள்ளம் சாய்ந்த வெளிச்சத்தில் புலப்படும். புதுப் பசை பல்லின் இழைகளுக்குள் புகுந்து, நுனிகளை விறைப்பாக்கியிருக்கும். இயல்பான பசையில் பல் நுனி மென்மையான இழைகளோடு இருக்கும். நான் முதன்முதலில் இணையத்தில் வாங்கிய 1930களின் வில்லை ஒன்று இப்படிக் கழுவப்பட்டதுதான். அந்த இழப்பை விட, யாரோ ஒருவரின் பெயர் அழிக்கப்பட்டுவிட்டதே என்ற வருத்தம்தான் இன்றும் நீடிக்கிறது.

விலை உயர்ந்த எதையும் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். 1886இல் தொடங்கிய அமெரிக்கத் தபால்தலைச் சங்கமும் நியூயார்க்கிலுள்ள பிலாட்டலிக் ஃபவுண்டேஷனும் வில்லைகளைச் சோதித்துச் சான்றளிக்கின்றன. சான்றிதழிலுள்ள படத்தையும் வில்லையின் பற்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் வேலை.

ஆறாம் படி: உரிமத்தோடு சேர்ந்தவற்றைத் தேடுதல்

முதல் ஆண்டில் வில்லையைத் தனியாகக் கொடுக்காமல், ஏதேனும் ஒரு ஆவணத்தில் ஒட்டித்தான் தர வேண்டும் என்று அஞ்சலகங்களுக்கு உத்தரவு இருந்தது. சேகரிப்பாளர்கள் வற்புறுத்திய பின்னரே ஒட்டாத வில்லையை வாங்க வழி பிறந்தது. அந்த முதல் விதியே இந்த வில்லையின் இயல்பைச் சொல்கிறது: அது ஆவணத்தின் ஓர் உறுப்பு. உரிமத்தில் ஒட்டிய வில்லை எந்த மாவட்டத்தில், எந்த நாளில், எவ்வளவு கட்டணத்தில், என்ன தொழில் செய்யும் எத்தனை வயதுக்காரருக்குக் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். மாநில வில்லை, நடுவணரசு வில்லை, டிரவுட் வில்லை மூன்றும் ஒரே உரிமத்தில் ஒட்டியிருந்தால், ஒரு மனிதரின் ஓராண்டு வெளிவாழ்க்கை முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. அத்தகைய உரிமத்திலிருந்து வில்லையை உரித்து எடுப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன், அதன் சந்தை மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் சரி.

ஏழாம் படி: மாநிலமும் ஏரியும்

நடுவணரசு வரிசையில் கண் பழகிய பிறகு மாநில வில்லைகளுக்கு வரலாம். படத்துடன் கூடிய நவீன மாநில வாத்து வில்லையை 1971இல் கலிபோர்னியா தொடங்கிவைத்தது. அடுத்த ஆண்டு அயோவா வந்தது. அதை வரைந்தவரும் மேனார்ட் ரீஸ்தான். 1981இல் ஆர்கன்சாவும் டெக்சாஸும் சேர்ந்தன. 1996இல் ஹவாய் தன் நேனே என்ற பெருவாத்தின் படத்தோடு வந்தபோது ஐம்பது மாநிலங்களும் நிறைவடைந்தன.

1980களில் பல மாநிலங்கள் சேகரிப்பாளர்களையே மனதில் வைத்து வெளியிட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆளுநர் பதிப்பு என்ற பெயரில் மிகக் கூடுதலான விலையில் குறைந்த எண்ணிக்கையில் வந்தவற்றைப் புதியவர் தவிர்ப்பதே நலம். அதற்குப் பதிலாக, உரிம முகவர்களுக்கு வரிசை எண்ணோடு அனுப்பப்பட்ட வேட்டைக்காரர் வகையையும், தாளாகச் சேகரிப்பாளர்களுக்கு விற்கப்பட்ட வகையையும் வேறுபடுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே படம், ஒரே ஆண்டு, ஆனால் முன்னது காட்டுக்குப் போனது. பல மாநிலங்களில் அதுவே அரிதானது.

மீன்பிடி வில்லைகளுக்கு இன்னும் உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். விஸ்கான்சின் 1978இல் ஓடைகளின் டிரவுட் மீனுக்கும், 1982இல் பேரேரிகளின் டிரவுட், சால்மன் மீன்களுக்கும் வில்லை வெளியிட்டது. மினசோட்டாவின் டிரவுட் வில்லை 1982இல் வந்தது. அடுத்த ஆண்டே அங்கு ஃபெசண்ட் பறவைக்கும் வில்லை வந்தது. ஓடை டிரவுட் வில்லைகளின் பணம் ஓடைகளைச் சீரமைக்கச் செல்கிறது. வாத்து வில்லைகளின் புகழ் மீன்பிடி வில்லைகளுக்கு இல்லாததால் குறைந்த செலவில் ஆழமான தொகுப்பை உருவாக்கலாம்.

இன்னும் பழையவை வேறொரு உலகம். ஓஹியோ, பென்சில்வேனியா எல்லையிலுள்ள பைமாட்டூனிங் ஏரியில் வாத்து வேட்டைக்காக ஓஹியோ வெளியிட்ட வில்லைகளும், 1941 முதல் கான்சாஸின் மரியன் மாவட்டம் தன் ஏரிக்காக வெளியிட்ட வில்லைகளும் எளிய அச்சில், பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் மட்டுமாக இருக்கும். பருவம் முடிந்ததும் தூக்கியெறியப்பட்டதால் எஞ்சியவை மிகச் சில. அழகை எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவர் அங்கேயே தங்கிவிடுவார்.

எட்டாம் படி: முன்னோடிகளிடமிருந்து கற்றல்

இந்த எளிய தாள்கள் இன்று பட்டியலாகக் கிடைப்பதற்கு ஈ. எல். வாண்டர்ஃபோர்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். அட்டவணைகள் கண்டுகொள்ளாத மாநில, உள்ளூர் வேட்டை வில்லைகளையும் மீன்பிடி வில்லைகளையும் கையேடாகத் தொகுத்தவர் அவர். அவர் அமைத்த அடித்தளத்தின் மேல் டேவிட் டோரே போன்றோர் நீண்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதி, ஒவ்வொரு வில்லையும் யாருக்காக, எதற்காக அச்சானது என்பதைத் தேடிக் கொடுத்தனர். ஹூஸ்டனில் வாத்து வில்லை வணிகம் நடத்திய பாப் டுமெய்ன் தேசிய வாத்து வில்லைச் சேகரிப்பாளர் சங்கம் உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர். நாஷ்வில்லைச் சேர்ந்த ஜீனட் ரூடி, தானே வேட்டையாடியவர். பல ஆண்டுகள் சேகரித்த தம் தொகுப்பை வாஷிங்டனிலுள்ள தேசிய அஞ்சல் அருங்காட்சியகத்தின் காட்சிக்காக அளித்தார். இந்த நால்வரிடமும் பொதுவாக இருந்தது பணமன்று, பதிவு செய்யும் பழக்கம். நீங்களும் ஒவ்வொரு வில்லைக்கும் வாங்கிய நாள், இடம், விலை, விளிம்பு, பசை, கையெழுத்து, உரிம விவரம் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே எழுதிவையுங்கள். உரிமத்தில் உயிரோடு இருக்கக்கூடிய ஒருவரின் முகவரி இருந்தால், படமெடுத்துப் பகிரும்போது அதை மறைத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: தாள் மறைவதற்குள்

2023 டிசம்பரில் சட்டமான ஒரு திருத்தத்தின்படி, வேட்டைக்காரர் பருவம் முழுவதும் மின்னணு வில்லையையே காட்டலாம். தாள் வில்லையைக் கையில் வைத்திருக்கும் கட்டாயம் நீங்கிவிட்டது. பல மாநிலங்கள் அச்சிடுவதையே நிறுத்திவிட்டன. உரிமம் என்பது கைப்பேசித் திரையாகவோ கணினி அச்சிட்ட ரசீதாகவோ மாறியிருக்கிறது. ஆகவே கையெழுத்திட்டு, உரிமத்தில் ஒட்டப்பட்ட கடந்த இருபது ஆண்டு வில்லைகளை இப்போதே தேடுங்கள். பழமை இல்லாததால் அவற்றை யாரும் சேமிப்பதில்லை. வேட்டைக்காரர்கள் பருவ முடிவில் குப்பையில் போடுகிறார்கள். அமெரிக்காவில் உறவினரோ நண்பரோ இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த வேட்டைக்காரரிடம் காலாவதியான உரிமத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், மடிப்பும் கறையும் எப்படி இருக்கிறதோ அப்படியே.